போனில் சலரோக வைத்தியம்: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போனிலேயே சலரோகத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்றால் கிளினிக்குக்குப் போகத் தேவையில்லையா?

தேவை. போனில் நடப்பது பாதி வேலைதான். சீனி அளவுகளைப் பார்த்துக் குளிசையைக் கூட்டிக் குறைப்பது, இன்சுலின் அலகைத் திருத்துவது, இரத்தப் பரிசோதனை றிப்போட்டைப் படித்துச் சொல்வது, சாப்பாட்டைப் பற்றிக் கதைப்பது எல்லாம் எண்களை வைத்துச் செய்கிற வேலைகள். எண்கள் சரியாக இருந்தால் வைத்தியர் கொழும்பில் இருந்தாலும் கோண்டாவிலில் இருந்தாலும் ஒன்றுதான்.

மற்றப் பாதிக்கு ஆள் நேரில் வேண்டும். மருந்து விட்டுக் கண்மணியை விரித்து விழித்திரையைப் பார்ப்பது, 10 கிராம் நைலோன் இழையால் பாதத்தைத் தொட்டு உணர்ச்சி பார்ப்பது, காலில் நாடி பிடித்துப் பார்ப்பது எல்லாம் வருடத்துக்கு ஒரு தடவையாவது நடக்கவேண்டியவை. சிறுநீரில் அல்புமின், இரத்தத்தில் கிரியற்றினின், கொழுப்பு ஆகியவற்றுக்கு மாதிரி கொடுக்கவும் வெளியே போகத்தான் வேண்டும். நெடுந்தீவில் இருந்து படகில் குறிகட்டுவான், அங்கிருந்து பஸ்ஸில் பட்டணம், பிறகு போதனா வைத்தியசாலையில் வரிசை என்று ஒரு நாள் முழுவதையும் செலவழிக்கிற ஒருவருக்கு, இரண்டு கிளினிக் திகதிகளுக்கு நடுவில் வருகிற சந்தேகங்களைப் போனில் தீர்ப்பது பெரிய உதவி. அதற்காகக் கிளினிக் கொப்பியைத் தூக்கிப் பெட்டிக்குள் வைத்துவிடாதீர்கள். இலவச மருந்து அந்தக் கொப்பிக்குத்தான் கிடைக்கும். போனில் கதைத்த வைத்தியர் மாற்றிய அளவை அடுத்த கிளினிக்கில் சொல்லிக் கொப்பியிலும் எழுதுவிக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு வைத்தியர்களும் ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் மருந்தைக் கூட்டிக்கொண்டே போவார்கள்.

யார் போனை நம்பி இருக்கக்கூடாது?

கர்ப்பிணிகள், முதலாம் வகைச் சலரோகம் உள்ள பிள்ளைகள், கிழமைக்கு ஒரு தடவையாவது சீனி இறங்கி மயக்கம் வருகிறவர்கள், காலில் ஆறாத புண் உள்ளவர்கள். புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டு உடம்பு வேகமாக மெலிகிறவர்களும் அப்படித்தான். இவர்களுக்குப் போன், நேரில் பார்ப்பதோடு சேர்ந்த ஒரு துணை மட்டும். கர்ப்ப காலத்தில் இலக்கே வேறு: வெறும் வயிற்றில் 95க்குக் கீழே (டெசிலீற்றருக்கு மில்லிகிராம் கணக்கில்), சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் 120க்குக் கீழே. மற்றவர்களுக்குப் பொதுவாக வெறும் வயிற்றில் 80 முதல் 130, சாப்பிட்டு இரண்டு மணித்தியாலத்தில் 180க்குக் கீழே. தனியாக இருக்கும் வயது போனவர்களுக்கு வைத்தியர் இதைத் தளர்த்தியே வைப்பார். அவர்களுக்குச் சீனி கொஞ்சம் கூடி இருப்பதைவிட இரவில் இறங்குவதுதான் ஆபத்து.

லண்டனில் எங்கட அண்ணா ஒருவர் டொக்டர். அவரிட்டையே கேட்டால் காணாதா?

விளக்கம் கேட்கலாம், றிப்போட்டைக் காட்டலாம். ஆனால் இங்கே மருந்து எழுத இலங்கை மருத்துவ சபையில் பதிவு வேண்டும். பதிவில்லாதவர் எழுதிய துண்டைப் பாமசியில் ஏற்கமாட்டார்கள், ஏற்கவும் கூடாது. பெயரும் பதிவு இலக்கமும் தெரிந்தால் சபையின் இணையத்தளத்தில் தேடிப் பார்க்கலாம். அதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அங்கே வழக்கமான சில மருந்துகள் இங்கே கிடைக்காது, கிடைத்தாலும் விலை தாங்காது என்பதையும் அண்ணாவுக்குச் சொல்லிவையுங்கள்.

போனில் வைத்தியரோடு கதைக்கச் செயலி ஊடாகப் பதிவு செய்யும்போது தமிழில் கதைக்கிற வைத்தியரா என்று முதலே பாருங்கள். "விறைக்குது", "எரியுது", "குத்துது", "பஞ்சில மிதிக்கிற மாதிரிக் கிடக்கு" என்று கால் நோவைச் சொல்வதில் உள்ள வித்தியாசங்கள்தான் நரம்புப் பாதிப்பைக் காட்டித்தருகின்றன. அவை மொழிபெயர்ப்பில் முதலில் தொலைந்துபோகும்.

கதைக்க முதல் என்ன ஆயத்தம் செய்யவேண்டும்?

பத்து நிமிடக் கதையில் எட்டு நிமிடம் கண்ணாடி தேடுவதிலும் குளிசை மட்டையைத் தடவுவதிலும் போய்விடுவதுதான் வழமை. முதல் நாள் இரவே இவற்றைப் போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள்: கடைசி மூன்று நாள் சீனி அளவுகள் எழுதிய தாள், கிளினிக் கொப்பியின் கடைசி இரண்டு பக்கம், கடைசி இரத்தப் பரிசோதனை, வீட்டில் இருக்கிற எல்லாக் குளிசை மட்டைகளின் பின்பக்கம். மெசினில் தெரிகிற இலக்கத்தைத் தனியே போட்டோ எடுத்து அனுப்புவதில் பயன் குறைவு. 212 என்ற இலக்கம் மட்டும் வந்தால், அது வெறும் வயிற்றிலா, புட்டுச் சாப்பிட்ட பிறகா, குளிசை விட்ட நாளிலா என்பது வைத்தியருக்குத் தெரியாது. திகதி, நேரம், சாப்பாட்டுக்கு முந்தியா பிந்தியா, என்ன சாப்பாடு, அன்று மருந்து போட்டீர்களா ஆகிய ஐந்தும் சேர்ந்தால்தான் ஓர் அளவு அளவாகும்.

நிறையும் பிறசரும் வேண்டும். பிறசர் மெசின் இருந்தால் ஐந்து நிமிடம் கதையில்லாமல் இருந்து, முதுகைச் சாய்த்து, காலை நிலத்தில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் மேசையில் வைத்து, ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை எடுத்து இரண்டையும் எழுதுங்கள். தேத்தண்ணி குடித்து அரை மணித்தியாலத்துக்குள் எடுக்கக்கூடாது.

ஸ்ரிப் விலை கூட. குறைந்தது எத்தனை தடவை குத்திப் பார்க்கவேண்டும்?

குளிசை மட்டும் போடுகிறவர் தினமும் குத்தத் தேவையில்லை. ஒவ்வொரு காலையும் வெறும் வயிற்றில் மட்டும் பார்த்து மாதம் முப்பது ஸ்ரிப்பை முடிப்பவர்கள் அதிகம். அது பெரும்பாலும் வீண்செலவு. காலை 118, எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சீனிச் சராசரியைக் காட்டும் இரத்தப் பரிசோதனை) மட்டும் 8.6 வீதம் என்று வருபவர்களுக்குச் சீனி ஏறுவது மத்தியானச் சோற்றுக்குப் பிறகு. அந்த நேரத்தில் அவர்கள் ஒருநாளும் குத்திப் பார்த்திருக்க மாட்டார்கள்.

போனில் கதைக்கிற நாளுக்கு முந்திய மூன்று நாட்களை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நாளும் காலை வெறும் வயிற்றில் ஒன்று. முதல் நாள் காலைச் சாப்பாட்டுக்கு இரண்டு மணித்தியாலம் கழித்து ஒன்று. இரண்டாம் நாள் மத்தியானச் சாப்பாட்டுக்கு முந்தி ஒன்று, பிந்தி ஒன்று. மூன்றாம் நாள் இரவுச் சாப்பாட்டுக்கு அதேபோல. மொத்தம் எட்டு ஸ்ரிப். பிழைத்துப்போனால் இருக்கட்டும் என்று இரண்டைச் சேர்த்துப் பத்து. இரண்டு மணித்தியாலத்தை முதல் வாய் வைத்த நேரத்தில் இருந்து எண்ணவேண்டும், கை கழுவிய நேரத்தில் இருந்து அல்ல. அந்த மூன்று நாளும் வழமையான சாப்பாடே சாப்பிடுங்கள். வைத்தியருக்குக் காட்ட என்று மூன்று நாள் மட்டும் குரக்கன் பிட்டு தின்று நல்ல இலக்கம் எடுத்தால் மருந்து குறையும், நாலாம் நாள் சீனி ஏறும்.

காலையும் மாலையும் கலப்பு இன்சுலின் போடுகிறவர் காலைச் சாப்பாட்டுக்கு முந்தியும் இரவுச் சாப்பாட்டுக்கு முந்தியும் பார்த்தால் ஊசி அளவைத் திருத்தப் போதும். மாலை ஊசியின் விளைவு மறுநாள் காலை வெறும் வயிற்றில் தெரியும். காலை ஊசியின் விளைவு மாலையில் தெரியும். இதை மாறி விளங்கிக்கொண்டு பிழையான ஊசியைக் கூட்டுகிறவர்கள் உண்டு. காலையில் எழும்பும்போது தலையிடி, உடுப்பு நனைய வியர்வை, கெட்ட கனவு என்றால் ஒரு நாள் விடிய மூன்று மணிக்கும் பாருங்கள்.

ரொறன்ரோவில் இருந்து மகள் அனுப்பின மெசின் 7.8 என்று காட்டுது. இது கூடவா குறையவா?

கனடாவிலும் பிரித்தானியாவிலும் மில்லிமோல் கணக்கு. இங்கே லாப்பும் கிளினிக்கும் டெசிலீற்றருக்கு மில்லிகிராம் கணக்கு. மெசினில் வருவதை 18ஆல் பெருக்குங்கள்: 7.8 என்றால் 140. அனேகமான மெசின்களில் இந்த அலகை மாற்ற முடியாது, விற்கிற நாட்டுக்கேற்றபடி பூட்டித்தான் வரும். வைத்தியருக்கு அனுப்பும் தாளில் பெருக்கிய இலக்கத்தையே எழுதுங்கள், இரண்டு கணக்கையும் கலக்காதீர்கள். அதைவிடப் பெரிய சிக்கல், அந்த மெசினுக்கான ஸ்ரிப் இங்கே கிடைக்குமா என்பது. மகள் அடுத்த பார்சல் அனுப்பும்வரை மெசின் அலுமாரிக்குள் தூங்கும். ஸ்ரிப் எந்தக் கடையில் தொடர்ந்து கிடைக்கிறதோ அந்த மெசினை இங்கேயே வாங்குவதுதான் புத்தி.

மெசின் ஒன்று சொல்லுது, லாப் இன்னொன்று சொல்லுது. எதை நம்புவது?

கொஞ்சம் வித்தியாசம் வருவது இயல்பு. உலகத் தரத்தின்படியே 100க்கு மேல் 15 வீதமும் 100க்குக் கீழே 15 மில்லிகிராமும் வித்தியாசப்படலாம். லாப்பில் 200 என்றால் மெசினில் 170 முதல் 230 வரை எதுவும் வரலாம். அதற்கு மேல் போனால் காரணம் பெரும்பாலும் கையில்தான். கறுத்தக்கொழும்பான் மாம்பழம் வெட்டிய விரலைக் கழுவாமல் குத்தினால் இலக்கம் எகிறும். ஸ்பிரிட்டால் துடைத்துக் காயமுதல் குத்தினாலும் பிழைக்கும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து, விரல்நுனியின் பக்கவாட்டில் குத்துங்கள். பிதுக்கிப் பிதுக்கி எடுக்கக்கூடாது. ஸ்ரிப் போத்தலைத் திறந்து வைத்தால் எங்கள் ஊர் ஈரக்காற்று அதைப் பழுதாக்கிவிடும். திறந்த திகதியை மூடியில் எழுதி, போத்தலில் போட்டிருக்கும் மாதக் கணக்குக்குள் முடியுங்கள்.

எச்பிஏ1சி வேறு கதை. அது இரண்டு மூன்று மாதச் சராசரி, வெறும் வயிற்றில் போகத் தேவையில்லை. மருந்து மாற்றும் காலத்தில் மூன்று மாதத்துக்கு ஒருக்காலும், நிதானமான பிறகு ஆறு மாதத்துக்கு ஒருக்காலும் போதும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் அது உண்மையைவிடக் கூட்டிக் காட்டலாம். அண்மையில் இரத்தம் ஏற்றியவருக்குப் பிழையாக வரலாம். இதைப் போனில் நீங்கள் சொல்லாவிட்டால் வைத்தியருக்குத் தெரிய வழியில்லை.

கிளினிக் குளிசையும் போடுறன், சென்னையில் வாங்கினதும் இருக்கு. இரண்டையும் போடலாமா?

போடமுதல் கட்டாயம் காட்டுங்கள். இந்தியாவில் விற்கும் பல குளிசைகளில் இரண்டு மூன்று மருந்து சேர்ந்திருக்கும். மட்டையின் முன்பக்கம் கம்பனிப் பெயர்தான் பெரிதாக இருக்கும், உள்ளே இருப்பது பின்பக்கம் சின்ன எழுத்தில். அதில் கிளிமெபிரைட்டும் மெற்போமினும் இருந்து, கிளினிக்கில் தந்தது கிளிக்லசைட்டும் மெற்போமினும் என்றால், ஒரே வேலையை இரண்டு தடவை செய்கிறீர்கள். கிளிமெபிரைட், கிளிக்லசைட் வகைக் குளிசையால் இறங்கும் சீனி, வயது போனவருக்கும் சிறுநீரகம் பழுதானவருக்கும் ஒரு நாளுக்கு மேலும் திரும்பத் திரும்ப இறங்கும். மூட்டு நோவுக்கும் முட்டுக்கும் தரும் பிரெட்னிசொலோன் சீனியை ஏற்றும் என்பதால் அதையும் மேசையில் வையுங்கள். "வேரோடு மாற்றும்" என்று வட்ஸ்அப்பில் வருகிற தூள்களையும் சேர்த்துத்தான். இப்படியான தூள்களில் சலரோகக் குளிசையையே அரைத்துக் கலந்திருந்தது உலகின் பல இடங்களில் பிடிபட்டிருக்கிறது.

இன்சுலின் போடுறதை வீடியோவில் பார்த்துத் திருத்த முடியுமா?

முடியும். வீடியோவுக்கு உள்ள மிகப் பெரிய பயனே அதுதான். ஊசியில் மருந்தை இழுத்து வெளிச்சத்துக்கு முன்னால் பிடித்துக் காட்டுங்கள். பிறகு சட்டையைத் தூக்கி, போடும் இடத்தைக் காட்டித் தடவிப் பாருங்கள். ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கட்டிபட்டிருந்தால் அங்கே போடும் மருந்து ஒழுங்காக உறிஞ்சாது. அளவைக் கூட்டுவதால் அது சரிவராது, இடத்தை மாற்ற வேண்டும். ஆனால் புது இடத்தில் மருந்து முழுதாக வேலை செய்யத் தொடங்கும். கட்டியில் போட்டபோது கூட்டிய அளவை அப்படியே போட்டால் சீனி இறங்கிவிடும், ஆகவே அளவையும் கேட்டுத் திருத்துங்கள். கலப்பு இன்சுலின் போத்தலை உள்ளங்கைகளுக்கு நடுவில் பத்துத் தடவை உருட்டி ஒரே பால் நிறமாக்க வேண்டும். குலுக்கக்கூடாது. மனித இன்சுலின் கலப்பு என்றால் போட்டு அரை மணித்தியாலத்தில் சாப்பிடவேண்டும்.

இன்னொன்றைக் கட்டாயம் பாருங்கள். இங்கே போத்தல் மில்லிலீற்றருக்கு 100 அலகு. இந்தியாவில் 40 அலகுப் போத்தலும் அதற்கென்று தனிச் சிறிஞ்சும் உண்டு. 40 அலகு மருந்தை 100இன் சிறிஞ்சால் இழுத்தால் வேண்டிய மருந்தில் ஐந்தில் இரண்டு பங்குதான் உள்ளே போகும். 100 அலகு மருந்தை 40இன் சிறிஞ்சால் இழுத்தால் இரண்டரை மடங்கு போகும், அது உயிராபத்து. போத்தலில் உள்ள இலக்கமும் சிறிஞ்சில் உள்ள இலக்கமும் ஒன்றாக இருக்கவேண்டும். வீடியோவில் இரண்டையும் பக்கத்துப் பக்கம் வைத்துக் காட்டிவிட்டால் சந்தேகம் முடிந்தது.

பிறிஜ் இல்லை, இருந்தாலும் கரண்ட் நிற்குது. இன்சுலினை எங்கே வைப்பது?

பாவிக்கிற போத்தல் வெயில் படாத, குளிர்ந்த இடத்தில் ஏறக்குறைய நாலு கிழமை இருக்கும். திறந்த திகதியை எழுதி ஒட்டுங்கள். சித்திரை வைகாசி வெயிலில் வீட்டுக்குள்ளேயே 30 பாகை தாண்டும்போது மண்பானை நல்ல வழி. பெரிய பானைக்குள் ஈர மணல், அதற்குள் சின்னப் பானை, அதற்குள் தண்ணீர் புகாத பையில் போத்தல். காற்றோட்டமான நிழலில் வைத்து மணலை ஈரமாக வைத்திருங்கள். பிறிஜ் உள்ளவர் உறையும் தட்டுக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள், உறைந்தது எறியத்தான். கிளினிக்கில் இருந்து வரும்போது மோட்டார் சைக்கிள் சீற்றுக்குக் கீழே வைத்துக் கொண்டுவருவதும் மருந்தை அவிப்பது போலத்தான்.

கையில் ஒட்டுகிற சென்சர் வாங்கி அனுப்பட்டுமா என்று மகன் கேட்கிறார்.

இன்சுலின் போடுகிறவருக்கு, அதுவும் இரவில் சீனி இறங்குகிறவருக்கு, நல்ல சாமான். குளிசையில் நிதானமாக இருப்பவருக்குப் பெரும்பாலும் ஆடம்பரம். பரவலாக உள்ள ஒரு வகை 14 நாள் வேலை செய்யும். வெளிநாட்டில் இருந்தபடியே மகனும் அளவைப் பார்க்கலாம். அது தோலுக்குக் கீழுள்ள நீரில் அளப்பதால் இரத்தத்தைவிட ஐந்து பத்து நிமிடம் பிந்தும். அந்தக் கைப்பக்கம் அழுத்திப் படுத்தால் பொய்யாகக் குறைத்துக் காட்டும். ஆகவே விடிய இரண்டு மணிக்கு ரொறன்ரோவில் இருந்து பதறி அழைக்க முதல், அம்மாவை ஒருதடவை விரலில் குத்திப் பார்க்கச் சொல்லட்டும்.

நல்லூர்த் திருவிழா, கந்தசஷ்டி விரதம்: என்ன செய்வது?

விரதத்துக்கு இரண்டு கிழமை முன்னரே வைத்தியரோடு கதைக்கவேண்டும், விரதம் தொடங்கிய அன்று அல்ல. சாப்பாடு இல்லாத நேரத்தில் கிளிக்லசைட் போட்டாலும் கலப்பு இன்சுலினை முழு அளவில் போட்டாலும் சீனி இறங்கும். எம்பாகிளிபுளோசின், டாபாகிளிபுளோசின் போடுகிறவர் பட்டினி கிடந்தால் சீனி பெரிதாக ஏறாமலே இரத்தம் அமிலமாகிவிடலாம். மெசின் 190 காட்டும், ஆள் வாந்தியில் கிடப்பார். முதலாம் வகையினர் ஆறு நாள் உபவாசம் இருக்கவே கூடாது. 70க்குக் கீழே இறங்கினாலும் 300க்கு மேலே ஏறினாலும் விரதத்தை முறித்துவிடவேண்டும். பாறணை அன்று ஆறு நாளுக்கும் சேர்த்துச் சாப்பிடுவதையும் கணக்கில் எடுங்கள்.

நல்லூரில் சிக்கல் கால். விறைத்த பாதத்துக்கு மத்தியான வீதி மணலின் சூடு தெரியாது. கொப்புளம் வந்தது வீட்டுக்கு வந்து கால் கழுவும்போதுதான் தெரியும். காலைப் பூசைக்குப் போங்கள், பிரதட்டையைத் தவிருங்கள், வந்தவுடன் பாதத்தைக் கண்ணால் பாருங்கள். அலுப்புத் தீரச் சுடுதண்ணியில் கால் வைக்காதீர்கள். அதே பாதம் அந்தச் சூட்டையும் உணராது.

காலைப் போட்டோ எடுத்து அனுப்பினால் போதுமா?

நடுவில் பார்க்கப் போதும். பகல் வெளிச்சத்தில், பிளாஷ் இல்லாமல், இரண்டு உள்ளங்கால்களையும் சேர்த்து ஒன்று, விரல் இடுக்குகளை விரித்து ஒன்று, குதிக்கால் வெடிப்பு ஒன்று. புண் இருந்தால் பக்கத்தில் ஐந்து ரூபா நாணயத்தை வைத்து எடுங்கள். ஒவ்வொரு தடவையும் அதே நாணயம் என்றால் புண் பெருத்ததா சிறுத்ததா என்று தெரியும். சிவப்பு மேலே ஏறுகிறது, மணம் வருகிறது, கறுத்திருக்கிறது, நோவே இல்லாமல் ஒரு கால் மட்டும் வீங்கிச் சுடுகிறது என்றால் போட்டோ எடுத்து நேரத்தைக் கழிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

வேறு எப்போது போனை வைத்துவிட்டு அம்புலன்சுக்கு, 1990க்கு அடிக்கவேண்டும்?

சீனி 250க்கு மேல் இருந்து வாந்தி, வயிற்றுநோ, வேகமான மூச்சு. வயது போனவர் தடுமாறிக் கதைப்பது, மெசின் இலக்கம் காட்டாமல் மிகக் கூட என்று மட்டும் காட்டுவது. நெஞ்சு நோ, வாய் கோணுவது, கை விழுவது. திடீரெனக் கண்ணில் திரை விழுந்தால் அன்றைக்கே கண் வாட்டுக்கு.

சீனி 70க்குக் கீழே என்றால் யாரையும் அழைக்க முதல் மூன்று நாலு தேக்கரண்டி சீனியைத் தண்ணியில் கரைத்துக் குடிக்கவேண்டும். பதினைந்து நிமிடத்தில் திரும்பப் பார்த்து, ஏறாவிட்டால் இன்னொரு தடவை. ஏறிய பிறகு இரண்டு பிஸ்கற் அல்லது ஒரு துண்டு பாண். சொக்லேட்டில் கொழுப்பு இருப்பதால் சீனி பிந்தித்தான் ஏறும். நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். சரித்துப் படுக்கவைத்து 1990க்கு அடியுங்கள்.

வயிற்றோட்டம், வாந்தி என்றால் மெற்போமினையும் மேலே சொன்ன புளோசின் வகையையும் நிறுத்திவைத்து அன்றே வைத்தியரைக் கேளுங்கள். இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்தாதீர்கள்.

பனங்கட்டி சீனி இல்லைத்தானே?

சீனிதான். நிறமும் மணமும் வேறு, ஏற்றுவது ஒன்று.

எங்கட பக்கம் சிக்னல் இல்லை.

வீடியோ கட்டாயம் இல்லை. போட்டோக்களை முதல் நாள் சிக்னல் உள்ள இடத்தில் நின்று அனுப்பிவிட்டு, குறித்த நேரத்தில் சாதாரண அழைப்பில் கதைக்கலாம். பிள்ளைகளையும் சேர்க்க விரும்பினால் யாழ்ப்பாணத்தில் மாலை ஏழு மணி நல்ல நேரம்: கோடையில் ரொறன்ரோவில் காலை ஒன்பதரை, லண்டனில் பிற்பகல் இரண்டரை. ஆனால் முதலில் கதைக்கவேண்டியவர் நோயாளி. மகன் அங்கிருந்து "அம்மா ஒழுங்காத்தான் போடுறவ" என்று சொல்லும்போது அம்மா இங்கே வாய் திறப்பதில்லை.

கதை முடியமுதல், மாற்றிய மருந்தின் பெயர், அளவு, நேரம், நிறுத்தச் சொன்னது எது, அடுத்த பரிசோதனை எப்போது என்பதை நீங்களே திருப்பிச் சொல்லிக் காட்டி, அதை எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். நிறுத்தச் சொன்ன மட்டையை அன்றிரவே குளிசைப் பெட்டியில் இருந்து எடுத்துவிடுங்கள்.